சாட்சிக்கு ஒரு சிநேகிதன்

பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் ஃபிட்டராக இருக்கும் அம்புரோஸை நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யூனியன் கூட்டத்தில்கூடக் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன் கைக்கு வந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. ஃபேஸ்புக்கில் ‘ராயபுரம் அம்புரோஸ்’ என்றால் சிலருக்குப் பயம், பலருக்குப் பிரியம்.

வட சென்னைக்காரர்களின் பேச்சையோ நிறத்தையோ கிண்டலடித்து எவனாவது ஒரு வரி எழுதினால் போதும், அதே பேச்சிலேயே பத்து வரி எழுதி அவனைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். எதிராளியின் பழைய பதிவுகளைத் தோண்டுவார். வெளிநாட்டில் இந்திய மாணவனை எவனோ அடித்ததற்குக் கொதித்த ஆசாமி, இங்கே படிக்க வந்த ஆப்பிரிக்கப் பையன்களைப் பற்றி முன்பு என்ன எழுதினான் என்று தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ‘அப்போ எங்க போயிருந்தீங்க சார்?’ என்று கீழே ஒரே ஒரு வரி போடுவார். அதற்கு மேல் எதிராளிக்கு எழுந்திருக்க வழி இருக்காது.

தோண்டிக் கொடுப்பது பாதி நாள் பகலவனாக இருக்கும். புளியந்தோப்புக்காரர். அதே யார்டில் பெட்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பவர், நிறையப் படிப்பவர். பொது வெளியில் அவர் அதிகம் எழுத மாட்டார். ஷிஃப்ட் முடிந்து வெளியே டீக்கடையில் நிற்கும்போது, “மாமு, இத்தப் பாரு” என்று போனை நீட்டுவார். ஆதாரம் பகலவனுடையது, அடி அம்புரோஸுடையது. பதினைந்து வருடப் பழக்கம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பகலவன் ராயபுரத்தில் அம்புரோஸ் வீட்டுக்கு வந்து, அம்புரோஸின் மனைவி ஐரீன் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். எப்போதும் தனியாகத்தான் வருவார். மனைவி ரமாபாய்க்கு உடம்பு சரியில்லை என்றோ, அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை என்றோ ஏதாவது சொல்வார். அதை அம்புரோஸ் யோசித்துப் பார்த்ததில்லை.

அம்புரோஸின் மகள் ஷைனி புனேயில் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஹாஸ்டலை விட்டு ஒரு தனி ரூம் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்காரம்மா போனில் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி, நாளைக்கே சாமான்களைக் கொண்டு வா என்றாளாம். ஷைனி இந்தி நன்றாகப் பேசுவாள். குரலை மட்டும் கேட்டவள் என்ன நினைத்தாளோ, நேரில் போய் நின்றதும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடே, நாக்பூரிலிருந்து தம்பி குடும்பம் திடீரென்று வருகிறது, வீடு அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஷைனி படி இறங்கும்போது அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது. கறுப்பு மதராசி, வீடெல்லாம் மீன் நாற்றம் அடிக்கும் என்று.

ஷைனி அழாமல்தான் சொன்னாள். கேட்ட அம்புரோஸுக்குத்தான் கண் கலங்கியது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான் என்று பிறகு பலரும் சொன்னார்கள். ‘எம் பொண்ணு கறுப்புதான். எங்க வூட்ல மீனு வாசம் வரும்தான். அத்த மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு இல்லேன்னிருந்தா கூட மதிச்சிருப்பேன். தம்பி வரான்னு பொய் சொல்ட்டியே தாயி. எந்த ரயில்ல வரான் உன் தம்பி? பெட்டி நம்பர் சொல்லு, பிரேக்கு நாந்தான் பாக்கறேன்’ என்று முடித்திருந்தார். ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். பகலவனும் ஒரு விருப்பக்குறி போட்டிருந்தார். வேறெதுவும் எழுதவில்லை.

மறுநாள் திருமலை என்ற பெயரில் ஒருவர் வந்தார். அம்புரோஸுக்குப் பழைய எதிராளி. சுத்தமான தமிழில், கோபமே இல்லாமல் எழுதுகிற ஆள். அதனாலேயே அவர்மீது கோபம் வரும்.

‘அந்தப் புனே அம்மையார் செய்தது தவறு. ஐயமில்லை. இது தாங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட பதிவு’ என்று ஒரு படத்தை ஒட்டியிருந்தார். அம்புரோஸ் தன் வீட்டு மாடி போர்ஷனை வாடகைக்கு விடுவதற்காகப் போட்டதுதான். சர்ச்சுக்குப் பக்கம், தண்ணீர் வசதி உண்டு, அமைதியான கிறிஸ்தவக் குடும்பத்துக்கு முன்னுரிமை. அதன் கீழே திருமலை கேட்டிருந்தார்: ‘இதுவரை அந்த மாடியில் யார் யார் குடியிருந்தார்கள்? வேறு சாதி, வேறு மதம், வேறு மாநிலம், யாரேனும் ஒருவர் உண்டா? அப்போது எங்கே போயிருந்தீர்கள், ஐயா?’

தன் கத்தியே தன் மேல் பாய்ந்ததும் அம்புரோஸுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. உடனே திருமலையின் பழைய பதிவைத் தேடி எடுத்தார். காசிமேட்டு ஜனங்களின் நிறத்தை அவர் நக்கலடித்தது. அதை ஒட்டினார். திருமலை அசரவில்லை. ‘நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்’ என்றார். மணிக்கு மணி கூட்டம் சேர்ந்தது. அம்புரோஸின் ஆட்களே, “அண்ணே, ஒரு பதில் போட்டு வாய அடைங்க” என்று தனியாகச் செய்தி அனுப்பினார்கள்.

அப்போதுதான் அவர் அதைச் செய்தார். பகலவனின் பெயரை இணைத்து எழுதினார்.

‘எங்க வூட்டப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? இதோ என் தோஸ்து பகலவன். புளியந்தோப்பு. அம்பேத்கர் படம் மாட்டுன வூட்டு ஆளு. வருஷா வருஷம் எங்க வூட்டு டேபிள்ல எங்க கூட ஒக்காந்து பிரியாணி துன்றவன். அவனாண்ட கேளு நான் யாருன்னு. சொல்லு மாமு.’

எழுதி முடித்ததும் மனசு லேசானது. சாயங்காலம் வரை பகலவனிடமிருந்து சத்தமில்லை. கூட்டம் காத்திருந்தது. பகலவன் எங்கே, பகலவன் எங்கே என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பகலவன் இரண்டே வரி எழுதினார்.

‘இவங்க வூட்ல துன்னுகீறேன். ஐரீன் அக்கா நல்லா சமைப்பாங்க.’

அவ்வளவுதான். அம்புரோஸ் பக்கம் கைதட்டலும் பட்டாசும் பறந்தன. திருமலையின் ஆட்கள் பகலவனுக்கு ‘பிரியாணி சாட்சி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு தட்டுப் பிரியாணிக்கு நற்சான்றிதழ் என்று படம் போட்டார்கள். யாரோ பகலவனின் பக்கத்துக்குப் போய் அவர் குடும்பப் படத்தை எடுத்து, அதன்மேல் ஒரு பிரியாணிப் பொட்டலத்தை வரைந்து சுற்றவிட்டார்கள். அம்புரோஸ் அதையும் பார்த்தார். ‘எங்க ஆளு மேல கைய வெச்சே, அவ்ளோதான்’ என்று பத்து இடத்தில் போய்ச் சண்டை போட்டார். பகலவனுக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பகலவன் டீக்கடைக்கு வரவில்லை. வேலை ஜாஸ்தி என்றார். மூன்றாம் நாளும் அதையே சொன்னார். அம்புரோஸும் சரி என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஷைனி போன் செய்தாள். அப்பா எழுதியதை அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் படித்ததாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“டாடி, பகலவன் அங்கிள் ஒரு வாட்டி நம்ம மாடி வூட்டக் கேட்டாங்கல்ல?”

“எப்போ?”

“நான் பிளஸ் டூ படிச்சப்போ. ஹால்ல ஒக்காந்து கேட்டாங்க. நான் உள்ள படிச்சிகினு இருந்தேன். நீ இன்னா சொன்ன டாடி?”

அம்புரோஸுக்கு உடனே ஞாபகம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. வந்ததைக் கையால் தள்ளப் பார்த்தார். “அது உங்க மம்மி...” என்று ஆரம்பித்தார்.

“தூத்துக்குடிலேர்ந்து சித்தப்பா ஃபேமிலி வராங்கன்னு சொன்ன” என்றாள் ஷைனி. “நமக்குத் தூத்துக்குடில எந்தச் சித்தப்பாவும் கிடையாதேன்னு நான் அன்னிக்கே நெனச்சேன். அப்பால பேங்க் அங்கிள் குடி வந்தாங்க. அந்தப் புனேக்காரம்மா தம்பி வரான்னு சொன்னப்போ, டாடி, எனக்கு மொதல்ல இதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சி. உன்னாண்ட சொல்ல வாய் வர்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஐரீன் சமையலறையில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். அம்புரோஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடமாக அவர் மனதில் இருந்த கதை ஒன்றுதான்: பகலவன் வீடு கேட்டார், தனக்குக் கொடுக்க ஆசைதான், ஐரீன்தான் ஒப்புக்கொள்ளவில்லை, சர்ச் ஜனங்கள் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றாள், குடும்பத்தில் சண்டை வேண்டாமே என்று ஒரு சின்னப் பொய் சொன்னோம். அந்தக் கதையில் தன்மேல் பெரிய குற்றம் எதுவும் இல்லை.

“ஐரீன், பகலவன் மாடி கேட்டப்போ நீ வேணாம்னு சொன்னல்ல?”

அவள் திரும்பிப் பார்த்தாள். “பகலவன் மாடி கேட்டாரா?”

“உன்னாண்ட சொன்னேனே.”

“என்னாண்ட நீ கேக்கவே இல்ல. நம்மளுக்கு வேண்டிய ஒருத்தர் பேங்க்ல வேலை செய்றாரு, அவருக்கு வுட்டுடலாம்னு சொன்ன. நானும் சரின்னேன்.” அடுப்பைக் குறைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். “ஏன், அவருக்குக் குடுத்திருந்தா நான் வேணாம்னா சொல்லிருப்பேன்?”

“சொல்லிருப்பியா?”

ஐரீன் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். “தெர்ல” என்றாள். “சொல்லிருந்தாலும் சொல்லிருப்பேன். ஆனா கேக்கலியே நீ.”

அம்புரோஸ் ஹாலில் போய் உட்கார்ந்தார். மாதா படத்துக்குக் கீழே அதே நாற்காலியில்தான் அன்று பகலவன் உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் வருகிறது மாமு, கீழ் வீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு கஷ்டமாக இருக்கிறது, உன் மாடி காலியாமே என்று கேட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தூத்துக்குடிச் சித்தப்பா அம்புரோஸின் நாக்கில் தானாக வந்து உட்கார்ந்தார். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எவர் பேச்சுக்கும் பயப்பட அவகாசமில்லை. அந்தப் பதில் எங்கோ உள்ளே தயாராக இருந்திருக்கிறது.

சாப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு புளியந்தோப்புக்குப் போனார். குடியிருப்பு வாசலில் நின்று எந்த பிளாக் என்று போனில் கேட்க வேண்டியிருந்தது. பதினைந்து வருடத்தில் பகலவன் வீட்டுக்குத் தான் ஒரு தடவைகூட வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பகலவன் லுங்கியோடு இறங்கி வந்தார். மேலே வா என்று கூப்பிடவில்லை. கீழே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் தண்ணீர்க் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன.

“மாமு, அன்னிக்கு மாடி வூடு...” என்று ஆரம்பித்த அம்புரோஸுக்கு மேலே வரவில்லை. நாலு பேர் முன்னால் ஒட்டிக்கொள்ளும் நாக்கு ஒரே ஒருவர் முன்னாலும் ஒட்டிக்கொண்டது.

“தெரியும்” என்றார் பகலவன்.

“சித்தப்பா யாரும் வர்ல.”

“தெரியும் மாமு. பேங்க்காரு குடி வந்தப்பவே தெரியும். நம்ம யார்டுல யாருக்குத் தெரியாது?”

“அப்பால ஏன் நீ ஒண்ணும் கேக்கல?”

பகலவன் குழாயடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லிருப்ப. அத்தயும் நான் கேட்டுகினு ஒக்காரணும். அந்த மழைக்கு வூட்டுக்குள்ள முட்டித் தண்ணி. எங்க அம்மா கெங்கம்மாவத் தூக்கினு போயி ரமா வேல செய்ற ஸ்கூல்ல பெஞ்ச ஒண்ணாப் போட்டுப் படுக்க வெச்சோம். ரமா அன்னிக்கே சொன்னா, இனிமே அந்த வூட்டு வாசப்படி மிதிக்காதேன்னு. நாந்தான், அவன் அந்த மாதிரி ஆளு இல்ல, வேற இன்னாவோ நெலம, உனக்குத் தெரியாதுன்னு சொல்லிகினே இருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அவகூட ஒரு சண்ட போட்டுட்டுதான் உங்க வூட்டுக்கு வருவேன்.”

அம்புரோஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப நீ என் ஏரியா, என் வூட்ல மாட்டுன படம், எல்லாத்தையும் ஊருக்குப் போட்டு ஒடச்சி, சொல்லு மாமுன்னு கேட்டியே. நான் இன்னா சொல்றது? பொய் சொல்ல முடில. உன்ன வுட்டுக் குடுக்கவும் முடில. துன்னேன்னு எழுதுனேன். அது ஒண்ணுதான் நெசம். ரமா அத்தப் படிச்சிட்டு, ‘நல்லா துன்னியா?’ன்னு கேட்டா. அவ்ளோதான் கேட்டா.”

அந்த நேரத்தில் ரமாபாயே காய்கறிப் பையோடு வந்தார். அம்புரோஸைப் பார்த்து நின்றார். “நல்லா கீறீங்களா?” என்று கேட்டார். இவர் பதிலுக்கு எழுந்து நின்று கைகூப்பினார். அவர் தலையசைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

“மாடி இப்ப காலியாதான் கீது மாமு” என்றார் அம்புரோஸ். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று அவருக்கே கேட்டது.

பகலவன் சிரித்தார். கேலியான சிரிப்பில்லை. “இப்ப எனக்கு மூணாவது மாடில சொந்தமா வூடு கீது. தண்ணி ஏறாது. அம்மாவும் போய்ட்டாங்க. இன்னாத்துக்கு?”

“நான் எழுதிடறேன். நடந்தது எல்லாத்தயும் அப்டியே, ஒண்ணு வுடாம...”

“வேணாம்.” அதுவரை தணிந்திருந்த பகலவனின் குரல் அப்போதுதான் கொஞ்சம் உயர்ந்தது. “அத்தயும் ஒரு போஸ்ட்டா போட்டுடாத. நீ அழகா எழுதுவ. படிக்கறவன் கண்ணுல தண்ணி வரும். அம்புரோஸ் அண்ணன் எவ்ளோ பெரிய மனசுன்னு ஆயிரம் பேரு சொல்லுவான். மொதல்ல நீ நல்லவன்னு சொல்ல என்ன இட்டாந்த, அப்பால நீ திருந்துனன்னு சொல்றதுக்கும் நானா? என்ன வுட்ரு அம்புரோஸ்.”

மாமு என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. அம்புரோஸ் அதைக் கவனித்தார்.

வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. ‘ஒரு சிநேகிதனுக்கு நான் செஞ்ச துரோகம்’ என்று போனில் எழுத ஆரம்பித்தார். வரிகள் தாமாக வந்தன. பெஞ்சில் படுத்திருந்த கெங்கம்மா, முட்டித் தண்ணீர், தூத்துக்குடியில் பிறக்காத சித்தப்பா. இரண்டு பத்தி எழுதியதும் படித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. எந்த வரிக்கு எத்தனை பேர் உருகுவார்கள் என்று அவரால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அது தெரிந்ததும் முழுவதையும் அழித்தார். பகலவனைப் பற்றித் தான் எழுதியிருந்த பதிலையும் நீக்கினார். சுற்றிக்கொண்டிருந்த பிரியாணிப் படத்தை எடுக்க அவரால் முடியவில்லை. அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

திருமலையின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. கேட்டவர் யோக்கியர் இல்லை. காசிமேட்டுக்காரர்களைப் பற்றி அவர் எழுதியது இன்னும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் கேள்வி கேள்விதானே. அம்புரோஸ் அதன் கீழே எழுதினார்: ‘யாரும் இல்ல. எங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் வுட்டுகீறேன். நீங்க கேட்டது சரி. என் பொண்ணுக்கு நடந்ததும் தப்புதான், நான் செஞ்சதும் தப்புதான்.’ யார் பெயரையும் சேர்க்கவில்லை.

திருமலை அதைப் படமெடுத்து, ‘ஒப்புக்கொண்டார்’ என்று தலைப்பிட்டுப் போட்டுக்கொண்டார். புனேக்காரிக்காகவும் சேர்த்து அவர் வெற்றி கொண்டாடியதுபோல் இருந்தது. அம்புரோஸின் ஆட்கள் கொதித்தார்கள். அண்ணனின் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்று சிலர் நம்பினார்கள். இந்த நேரத்தில் இப்படி எழுதினால் எதிரிக்குத்தானே லாபம் என்று சிலர் திட்டினார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நாளடைவில் கூட்டம் வேறு சண்டைக்குப் போய்விட்டது. ஷைனி மட்டும், ‘படிச்சேன் டாடி’ என்று ஒரு செய்தி அனுப்பினாள்.

மாடியை ஐரீன் ஒரு புரோக்கர் மூலம் வாடகைக்கு விட்டாள். யார் வந்தாலும் கொடு என்று மட்டும் சொல்லியிருந்தார் அம்புரோஸ். மணலிப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு ஒடிசாக்காரர் குடும்பத்தோடு வந்தார். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள அம்புரோஸுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அதுவும் ஒரு சாட்சியாகிவிடும்.

யார்டில் பகலவன் எப்போதும் போல் இருக்கிறார். எதிரே வந்தால் சிரிக்கிறார். வேலை விஷயம் என்றால் நின்று பேசுகிறார். டீக்கு வேறு ஆட்களோடு போகிறார். கடந்த வாரம் ஒரு பெட்டியின் அடியில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை விழுந்தது. ஒரு பக்கம் அம்புரோஸ் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் பகலவன் பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். சக்கரங்களுக்கு நடுவே பகலவனின் கால்கள் மட்டும் தெரிந்தன.

“அம்புரோஸ், உன் டார்ச்ச இப்டி கொஞ்சம் அடி” என்றார் பகலவன்.

அம்புரோஸ் அடித்தார். வேலை முடியும் வரை கையை ஆட்டாமல் பிடித்திருந்தார். “போதும்” என்ற சத்தம் வந்ததும் அணைத்தார். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பகலவன் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டார்.